பழைய சீன நீலத் தொட்டியில் துளை போடலாமா?

நீலாம்பரி: வீடு காலி செய்தவர்களிடம் நீலமும் வெள்ளையுமான பீங்கான் தொட்டி ஒன்று வாங்கினேன். அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று மட்டும் இருக்கிறது. துளை இல்லை. டிரில் போட்டு மணி பிளாண்ட் வைக்கலாமா?

பழம்பொருள் பித்தன்: அம்மா தாயே, முதலில் டிரில்லைக் கீழே வையுங்கள். அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான், அங்கே போகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் போட வேண்டியதாயிற்று. உங்களுடையது அந்தக் காலத்து ஏற்றுமதிச் சரக்காக இருக்கலாம். துளை விழுந்தால் விலையில் பாதி போச்சு.

தோட்டக்காரன்: ‘சைனா’ என்று போட்டதெல்லாம் பழசாகிவிடுமா சார்? சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னில் கேட்ட முத்திரையைப் போட்டுத் தருவார்கள். 1722-இல் இறந்த காங்ஷி பேரரசரின் பெயரை 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். தொட்டி செய்ததே செடிக்குத்தான். ஷோகேஸில் பூட்டி வைக்கவா?

பழம்பொருள் பித்தன்: முத்திரையை நானும் நம்பச் சொல்லவில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சு ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டது என்றால் பெரும்பாலும் நீலம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். கையால் வரைந்ததில் தூரிகை நின்ற இடத்தில் கோபால்ட் என்ற அந்த நீலச் சாயம் தேங்கிக் கருத்திருக்கும். துளையும் கதை சொல்லும். சுடுவதற்கு முன்பே போட்டதன் ஓரம் மழுங்கலாக, பல நேரம் லேசாகப் பழுப்பேறி இருக்கும். டிரில் போட்ட ஓரம் பளீரென்று வெள்ளை, சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும். வாங்குகிறவன் முதலில் அங்கேதான் விரலை வைப்பான்.

தோட்டக்காரன்: விற்கத்தான் வாங்கினார்களா என்ன? 1300 டிகிரி பக்கம் சுட்ட பீங்கான், தண்ணீரை உறிஞ்சாது. மண்ணும் உரமும் அதை ஒன்றும் செய்யாது.

மாடித்தோட்டம்: டெல்ஃப்ட் வைத்திருப்பவர்கள் இதை நம்பி இறங்கிவிடாதீர்கள். நெதர்லாந்துக்காரர்கள் சீனச் சரக்கைப் பார்த்துச் செய்தது அது. பீங்கானே இல்லை, களிமண் மேல் வெள்ளீய மெருகு. ஓரத்தில் மெருகு உதிர்ந்த இடத்தில் ஈரம் இறங்கினால், பக்கத்தில் இருப்பதும் பெயரும்.

நீலாம்பரி: அளவு சொல்ல மறந்துவிட்டேன். நீள்வட்டம், ஆழம் நாலு விரல்கூட இல்லை.

பழம்பொருள் பித்தன்: அப்படியானால் அது நார்சிசஸ் பூச்செடிக்கான கிண்ணமாக இருக்கலாம்! சீனப் புத்தாண்டுக்குக் கிழங்கைக் கூழாங்கல்லில் நிறுத்தி, தண்ணீரிலேயே பூக்க வைப்பார்கள். துளை இல்லாததுதான் சரி.

தோட்டக்காரன்: சரி, அப்போ செடிக்கானதுதான். கூழாங்கல் போட்டு மணி பிளாண்டைத் தண்ணீரில் விடுங்கள் அக்கா.

பழம்பொருள் பித்தன்: போர்வெல் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக உப்புக் கோடு படியும். சுரண்டினால் கீறல்தான்.

தோட்டக்காரன்: எதற்குச் சுரண்ட வேண்டும்? துணியில் கொஞ்சம் வினிகர் நனைத்துத் துடைத்தால் போகும். நீலம் மெருகுக்கு அடியில் இருக்கிறது, அதைத் தொடாது.

பழம்பொருள் பித்தன்: மேலே தங்க ரேகை இருந்தால் அந்தப் பக்கம் வினிகர் போகவே கூடாது. தண்ணீர் ஊற்றும் முன் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் ஊற்றுங்கள். சத்தம் மொத்தையாக வந்தால் மயிரிழை விரிசல் இருக்கும், அலமாரியிலேயே இருக்கட்டும்.