அயர்லாந்து நடனம்: கை அசையாததற்குக் காரணம் ஆங்கிலேயரா?

கடல்நாரை: "ஆங்கிலேயர் நடனத்தைத் தடை செய்தார்கள், ஜன்னல் வழியே பார்க்கும் சிப்பாய்க்குத் தெரியாமலிருக்கக் கையை உடம்போடு ஒட்டிவைத்துக் காலால் மட்டும் ஆடினார்கள், அயர்லாந்து நடனத்தில் கை அசையாதது அதனால்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தடை விதித்த சட்டம் எது? ஆடுகிறவர் தலை மேலும் கீழும் குதிப்பது சிப்பாய்க்குத் தெரியாதா? தரை அதிர்வது கேட்காதா?

செங்காந்தள்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். அயர்லாந்துக்காரங்களே தலைமுறையா சொல்ற கதை இது. அவங்களை நசுக்கின தண்டனைச் சட்டங்கள் இருந்துச்சா இல்லையா?

கடல்நாரை: இருந்தன. கத்தோலிக்கருக்கு நிலம், பள்ளி, பதவி மறுத்தன. நடனத்தைத் தடுத்த விதி எது? 1776-இல் அங்கே சுற்றுப்பயணம் தொடங்கிய ஆங்கிலேயர் ஆர்தர் யங், நடன ஆசிரியர்கள் குடிசை குடிசையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததை எழுதியிருக்கிறார். கூலி மூன்று மாதத்துக்கு ஆறு பென்ஸ். ஒளித்து ஆடிய நடனத்துக்குக் கூலி விவரமா?

ஒன்பதாம்தாளம்: இருவரும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கொனமாராவை விட்டுவிட்டீர்கள். அங்கே ஷான் நோஸ் என்ற பழைய பாணி நடனம் ஆடுகிறவர்கள் கையைத் தாராளமாக வீசுவார்கள். கால் தரையை ஒட்டியே தட்டும். சிப்பாய் அந்தப் பக்கம் போகவேயில்லையா? கை இறுகியது, அயர்லாந்து மொழியையும் பண்பாட்டையும் மீட்கக் கிளம்பிய கேலிக் லீக் அமைப்பு வளர்த்த போட்டி மேடையில்.

செங்காந்தள்: போட்டின்னா விதின்னு சொல்லிடுறீங்க. 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி இடைவேளையில ரிவர்டான்ஸ் ஆட்டக்காரர் மைக்கேல் ஃப்ளாட்லி கையை விரிச்சுதானே ஆடினார்?

கடல்நாரை: அது மேடைக்காட்சி. போட்டியில் அப்படிக் கையை விரித்தால் மதிப்பெண் போகும். கையை அடக்குவதும் லேசான வேலையில்லை. விரல் மடங்கி, முழங்கை சற்றுப் பின்வாங்கி, தோள் இறங்கியிருக்க வேண்டும். குதிகால்களைக் காற்றில் மோதவிடும் க்ளிக்குக்கு எழும்பும்போது தோள் தானாக ஏறும். கையை இறுக்கினால் இன்னும் ஏறும். முதுகுத் தசையால்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் பயிற்சி வகுப்பில் வருவது, சிப்பாய்க்குப் பயந்து வந்ததல்ல. மறுபடி கேட்கிறேன், சட்டம் எது?

பச்சைக்கம்பளி: கையை விடுங்க, பாவாடையைப் பாருங்க. உள்ளே விறைப்புத் துணி வச்சுத் தைக்கிறாங்க, முழங்கால் தூக்கினா முன்பக்கம் அட்டையா எழும்புது. சுருள் விக் வேற, சாக்ஸ் நழுவாம இருக்கக் காலில் பசை வேற. கனமான ஷூ போட்டு ஆடுற ட்ரெபிள் ஜிக்கோட இசையை நிமிஷத்துக்கு 73 தாளம்னு மெதுவா இழுத்துட்டாங்க, புதுசா கத்துக்கிறவங்களுக்குக்கூட 92. மெதுவா ஆடுறதுல என்ன திறமை?

ஒன்பதாம்தாளம்: மெதுவான இசையில்தான் ஒரே தாளக்கட்டுக்குள் அதிகத் தட்டுகளை நுழைக்க முடியும். வேகம் குறையக் குறையக் காலுக்கு வேலை கூடும். விக் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் தெரியாமல் பேசினீர்கள்.

பச்சைக்கம்பளி: அந்த விவாதத்துல எனக்குப் பதில் சொல்லாம ஓடினது நீங்க.

கடல்நாரை: உடுப்புச் சண்டையை வேறு இடத்தில் வையுங்கள். நடனத்துக்கு உண்மையாகவே கடிவாளம் போட்ட சட்டம் 1935-இல் வந்தது. பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. வீட்டு நடனங்களும் அதில் நசுங்கின. போட்டது ஆங்கிலேயர் அல்ல, அயர்லாந்தின் சொந்த டப்ளின் அரசு, பாதிரிமார் நெருக்கடியில்.

செங்காந்தள்: அப்போ தடை இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க!

கடல்நாரை: 1935-க்கு முன்பே கை ஒட்டியாகிவிட்டது. ஆங்கிலேயர் போட்ட சட்டத்தைக் கேட்டேன். பெயர், ஆண்டு?

செங்காந்தள்: எழுதி வச்சுட்டுத்தான் அடக்குவாங்களா?

பச்சைக்கம்பளி: 73 பத்தி இன்னும் நான் முடிக்கல.