மைக் ப்ரீஆம்ப் உள்ளீட்டு இம்பிடன்ஸ்: 200 ஓமா, 2 கேவா, 10 கேவா?

பாலக்கோடு_மைக்செட்:
கூத்து மேடைக்கும் திருவிழாவுக்கும் ஆகிற மாதிரி எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சிறு சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) போர்டு வரையறோம். பெருக்கும் ஐசி ஐஎன்ஏ217, பேன்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) 48 வோல்ட், மைக்கின் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கான தடை) 200 ஓம். உள்ளீடும் 200 ஓம் வைத்தால்தான் பவர் முழுசா வரும்னு ஒரு பேச்சு, 10 கே (கிலோஓம்) வைக்கணும்னு இன்னொரு பேச்சு. எது சரிங்க?

ஓசூர்_சால்டரிங்:
ரெண்டும் வேண்டாங்க. ப்ரீஆம்புக்கு வேண்டியது பவர் இல்லை, வோல்டேஜ். 200க்கு 200 வைத்தால் வோல்டேஜ் பாதியாகும், 6 டிபி (டெசிபெல்) போச்சு. ஐசியின் இரைச்சல் மட்டும் குறையாது. மைக்கைப் போல் பத்து மடங்கு, 2 கே வைத்தால் இழப்பு 0.8 டிபிதான். மைக்கின் சிக்னல் லைன் ரெண்டிலும் லைனுக்கு ஒன்றாக 1.2 கே ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போடுங்க.

அரூர்_ஆடியோ:
2 கேவோடு ஏன் நிறுத்தணும்? டைனமிக் மைக்கின் காயில் இண்டக்டன்ஸால் மேல் அலைவரிசையில் அதன் ஓம் ஏறும். ரிப்பன் மைக்கில் (மெல்லிய உலோகப் பட்டை அதிரும் மைக்) கீழே, ரெசனன்ஸ் (பட்டை இயல்பாக அதிகம் அதிரும் அலைவரிசை) இருக்கிற இடத்தில் ஏறும். அங்கெல்லாம் 2 கே லோடு சத்தத்தின் குணத்தையே மாற்றுகிறது. 10 கேவில் இழப்பு 0.17 டிபி. லைனுக்கு 5 கே என்றால், 48 வோல்ட் ஐசிக்குப் போகாமல் தடுக்க 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரே போதும், 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். எலக்ட்ரோலைட்டிக் தொல்லை இல்லை.

ஓசூர்_சால்டரிங்:
அண்ணா, அந்த 10 கே போர்டில் வராது. 48 வோல்ட்டை லைன்களுக்குக் கொடுக்கும் பேன்டம் ரெசிஸ்டர் 6.8 கே ரெண்டு இருக்கே, சேர்த்து 13.6 கே, மைக்குக்குக் குறுக்கே. உங்க 10 கே அதோடு இணையாகி 5.76 கே ஆயிடும். சுவிட்ச் 48 வோல்ட்டை மட்டும் வெட்டினால், ஆஃப் செய்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா அந்த ரெசிஸ்டர்கள் லோடாகத்தான் நிற்கும். என் 1.2 கே ரெண்டும் சேர்ந்த 2.4 கேவும் இதே கணக்கில் 2.04 கே.

ஃபிலிம் யோசனைதான் பெரிய தப்பு. 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் என்பது 3.2 கே. மைக் 200 ஓமாக இருந்தும், ஐசி பார்ப்பது ஆயிரக்கணக்கான ஓம். ஐசியின் கரண்ட் இரைச்சல் அதன்மேல் விழுந்து அடியில் உறுமல் கேட்கும். 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் போடுங்க, பிளஸ் முனை எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் செருகும் சாக்கெட்) பக்கம். 1.2 கேவோடு 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே போயிடும்.

பாலக்கோடு_மைக்செட்:
மேடையிலிருந்து 40 மீட்டர் கேபிள். மேல் சுரம் போகாதா? ஹம் (கரண்ட் ரீங்காரம்) வருமா?

ஓசூர்_சால்டரிங்:
மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வைத்தாலும் மொத்தம் 4 நானோ. 200 ஓமோடு 200 கிலோஹெர்ட்ஸில்தான் விழும். ஹம்முக்குக் காரணம் ஓம் மதிப்பு இல்லை, ஜோடிப் பொருத்தம். 6.8 கே ரெண்டும் 0.4 சதவீதத்துக்குள் ஒத்துப்போகணும், மல்டிமீட்டரில் பொறுக்கிச் சேருங்க. பழைய 50 கே மைக்கை மட்டும் இதில் செருகாதீங்க, சத்தமே வராது.

அரூர்_ஆடியோ:
கெப்பாசிட்டர் விஷயத்தில் நீங்க சொல்வதை ஏற்கிறேன். ரிப்பனுக்கு விடமாட்டேன். எட்டில் ஒரு சேனலில் 6.8 கே ரெண்டையும் லைனிலிருந்தே கழற்றும் சுவிட்ச் வைங்க, 1.2 கேக்குப் பதில் 5 கே. உண்மையான 10 கே கிடைக்கும், ரிப்பனுக்குத் தவறி பேன்டமும் ஏறாது.

பாலக்கோடு_மைக்செட்:
போர்டு வந்ததும் எப்படி அளப்பதுங்க?

ஓசூர்_சால்டரிங்:
சிக்னல் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ், சில மில்லிவோல்ட். பேன்டம் ஆஃப். மூன்றாம் பின்னைக் கிரவுண்டில் கட்டி, இரண்டாம் பின்னுக்கு 5 கே பாட் (திருகி ஓமை மாற்றும் ரெசிஸ்டர்) வழியா கொடுங்க. பாட் பூஜ்யத்தில் இருக்கும்போது வெளியீட்டைக் குறித்து, அது பாதியாகும் வரை திருப்புங்க. பாட்டைக் கழற்றி அளந்து, ஜெனரேட்டரின் சொந்த ஓமைக் கழியுங்க. 1.02 கே வரும். அது ஒரு லைன் மட்டும், ரெண்டால் பெருக்கணும்.