காட்டுத்தீ வரும் ஊருக்குக் குடிபோனவர்களுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

போன கிழமை இந்தப் பக்கத்தில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அவருக்குக் கலிபோர்னியாவில் வேலை. வந்து இரண்டு மாதம். எல்லாரும் நெருப்பு நெருப்பு என்று பயப்படுத்துகிறார்கள். என்ன செய்துவைக்க வேண்டும்?" பதில் எழுத வெளிக்கிட்டேன், நீண்டுவிட்டது. நான் வெளிநாட்டில் இருந்தவள் இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலஸ் பக்கத்து அல்டடீனாவில் என் தங்கை குடும்பம் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தபோது, அவர்களின் காகித வேலை முழுவதையும் கொழும்பில் ஓடி முடித்தது நான்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே 7ஆம் திகதி பின்னேரம் ஆறு மணி தாண்டித்தான் ஈட்டன் பள்ளத்தாக்குப் பக்கம் தீ பிடித்தது. எங்களுக்கு அது 8ஆம் திகதி காலை, எட்டு மணிகூட ஆகவில்லை, பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, மலையில் நெருப்பு தெரியுது, ஆனா தூரம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாலைவனத்திலிருந்து மலை தாண்டிக் கடலைப் பார்த்து அடிக்கிற சன்டா அனா காற்று அன்றைக்கு அடித்த அடியில், தண்ணீர் ஊற்றுகிற விமானங்களையே இறக்கிவைக்க வேண்டி வந்தது. அவர்கள் இருந்தது லேக் அவெனியூ என்ற தெருவுக்கு மேற்கே. அந்தப் பக்கத்துக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது அங்கே விடிய மூன்று மணி தாண்டிவிட்டது. அல்டடீனாவில் இறந்தவர்களில் அனேகமாக எல்லாரும் அந்த மேற்குப் பக்கத்து ஆட்கள்தான். என் மச்சான் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கரண்ட் போய், புகை மணமும் வீட்டுக்குள் வந்தவுடன், இரவு பத்து மணிக்கே பிள்ளைகளைத் தூக்கிக் காரில் போட்டுவிட்டான். ஈட்டன் தீயில் மட்டும் 9,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. அவர்களுடையது அதில் ஒன்று.

ஆகவே தங்கச்சி, முதல் விசயம் இதுதான். அங்கே 'வார்னிங்' என்றால் ஆயத்தமாகு, 'ஓர்டர்' என்றால் உடனே கிளம்பு. சின்னப் பிள்ளை, வயதானவர், ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருந்தால் வார்னிங்கோடே கிளம்பிவிடுங்கள். நேரத்துக்கு ஒன்றும் வராத இரவும் உண்டு என்பதைத்தான் மேலே சொன்னேன். மூக்கை நம்புங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதையே 'அலேர்ட்', 'ஓர்டர்' என்பார்கள். அவுஸ்திரேலியாவில் நாளின் ஆபத்தை நாலு படியாகச் சொல்வார்கள். கடைசிப் படியான 'கட்டஸ்ட்ரொபிக்' அறிவித்தால், தீ எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்காமல் முதல்நாள் இரவோ அன்று விடியவோ காட்டுப் பக்கத்தை விட்டு வந்துவிட வேண்டும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி விக்டோரியாவில் 173 பேர் இறந்த பிறகு கற்றுக்கொண்ட பாடம் அது.

இனிக் காகிதம். இதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

வெளிநாடு போகும்போது மூலப் பிரதி எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, கைப்பையில் வைத்துக் கவனமாகக் கொண்டுபோகிறோம். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பைல் அலுமாரியின் மேல்தட்டில் ஏறிவிடும். என் தங்கை கையில் எடுத்தது அவளுடையதும் மச்சானுடையதும் பாஸ்போர்ட், மடிக்கணினி, சின்னவனின் பால்மா. பைல் மேல்தட்டிலேயே இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள், மூத்தவளின் பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்.

எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் ரெக்சின் பை. 1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். எனக்கு ஒன்பது வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சீமெந்துத் தரையில் படுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா வீட்டிலுள்ள எல்லாக் கடதாசியிலும் ஒரு பிரதி எடுத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பையில் தொங்கவிட்டிருக்கிறா. தங்கை அமெரிக்கா போகும்போதும் விடாப்பிடியாக எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுக்கவைத்தா. நாங்கள் சிரித்தோம். அந்தக் கொப்பியில் பதிவு இலக்கமும் திகதியும் இருந்தபடியால், திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் தங்கையின் பிறப்புச் சான்றிதழை அதிகம் அலையாமல் எடுத்தேன். இலக்கம் தெரியாவிட்டால் தேடுவதற்குத் தனிக் கட்டணம், தனி அலைச்சல். விவாகம் யாழ்ப்பாணத்தில் பதிந்தது, அதை மச்சாள் நல்லூரில் எடுத்து அனுப்பினா. பரீட்சைச் சான்றிதழுக்குப் பெலவத்தையில் பரீட்சைத் திணைக்களம், இப்போது ஒன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் காட்டுவதற்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) அதற்கு ஒரு கிளை உண்டு, அந்தப் பக்கத்து ஆட்கள் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. சிங்களத்திலோ தமிழிலோ உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். மூத்தவளின் பாஸ்போர்ட்டுக்கு லொஸ் ஏஞ்சலஸிலேயே நம்முடைய துணைத் தூதரகம் இருக்கிறது. தொலைந்ததற்கு அங்கத்தைய பொலிஸ் அறிக்கையும் நான் இங்கிருந்து அனுப்பிய பிறப்புச் சான்றிதழும் கேட்டார்கள். அடையாள அட்டை எரிந்ததற்கு அந்தரப்படாதீர்கள், ஊருக்கு வரும்போது பார்க்கலாம்.

அமெரிக்காவில் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: வீடு எரிந்து ஹோட்டலிலோ நண்பர் வீட்டிலோ இருந்தாலும், விலாசம் மாறினால் பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். ஏஆர்-11 என்ற படிவம், ஒன்லைனில் ஐந்து நிமிட வேலை. நாட்டுக்குள் வந்ததைப் பதிந்த ஐ-94ஐ இணையத்திலிருந்தே திரும்ப எடுக்கலாம். எச்-1பி வேலை விசாவின் அனுமதிக் கடிதம் எரிந்திருந்தால் கம்பனியின் லோயரிடம் உடனே சொல்லுங்கள்.

ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு தரும் உதவிப் பணம் பற்றி வட்ஸ்அப்பில் நிறையப் பிழையான கதை ஓடுகிறது. பிரஜைகளுக்கும் கிறீன் கார்ட் உள்ளவர்கள் போன்ற சில வகையினருக்கும்தான் அந்தக் காசு. எச்-1பியிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் தன் பெயரில் கேட்க முடியாது. ஆனால் அங்கே பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். மச்சான் இது தெரியாமல் "எங்களுக்கு ஒன்றும் இல்லையாம்" என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டான். பசடீனா மாநாட்டு மண்டபத்தில் செஞ்சிலுவைக்காரர் நடத்திய முகாமில் அருகில் படுத்த ஒரு மெக்சிக்கோ அம்மாதான் சொல்லிக் கொடுத்தா. முகாமில் படுக்கை, சாப்பாடு, மனநல ஆலோசனை இதற்கெல்லாம் விசா கேட்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக் காருக்குள் பிள்ளைகளோடு படுக்காதீர்கள். முதல் இரவு அப்படித்தான் படுத்தார்கள்.

காப்புறுதி: வீட்டுக்காரர் எடுத்திருப்பது கட்டடத்துக்கு. உங்கள் கட்டிலும் உடுப்பும் அதில் வராது. வாடகைக்காரர் காப்புறுதி என்று தனியாக ஒன்று இருக்கிறது, வெளியில் தங்கும் செலவையும் பெரும்பாலும் அது தரும். எங்கள் ஆட்கள் எடுக்கவில்லை. "சாமான் என்ன, ஐக்கியாக் கட்டில்தானே" என்றான் மச்சான். பிறகு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது அவனுக்கே பேச்சு வரவில்லை. இன்றைக்கே போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள், அலுமாரியைத் திறந்து, லாச்சியை இழுத்து. எடுத்ததை ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

தாலிக்கொடியை வீட்டில் வைக்காதீர்கள். வங்கி லொக்கர். தீ தாங்கும் என்று கடையில் விற்கிற சின்னப் பெட்டகம் சமையலறைத் தீக்குத் தாங்கலாம், வீடு முழுக்க எரிந்து தணலாகக் கிடக்கிற சூட்டை நம்பி அதில் கொடியை வைக்க முடியாது. சில கிழமை கழித்து உள்ளே விட்டபோது வெள்ளைக் கவச உடுப்பு, என்95 மாஸ்க், கையுறை எல்லாம் போட்டு இருவரும் அரிதட்டால் சாம்பல் அரித்தார்கள். அம்மா கொடுத்த குத்துவிளக்கு ஒரு கட்டியாகக் கிடைத்தது, அன்னம் எது அடி எது என்று தெரியாது. கிரைண்டரின் இரண்டு கருங்கல்லும் அப்படியே இருந்தன, ஒன்றில் மட்டும் ஒரு கீறல். கொடி கிடைக்கவில்லை. இப்போது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு.

சாம்பலைச் சும்மா சாம்பல் என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம், கூரையிலும் குழாய்ச் சுற்றிலும் அஸ்பெஸ்டஸ். பிள்ளைகளைக் கொண்டுபோகவே கூடாது. துணி மாஸ்க் உதவாது. இன்னொன்று, நம்மவர்கள் எதற்கும் "கொதித்தாறின தண்ணி குடிச்சாப் போச்சு" என்போம். 2018இல் கலிபோர்னியாவின் பரடைஸ் என்ற ஊர் எரிந்த பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருந்தது. கொதிக்கவைப்பது அதற்கு மருந்தில்லை. குடிக்க வேண்டாம் என்று அறிவித்தால் போத்தல் தண்ணீர்தான், சமையலுக்கும்.

கொழும்பில் இருக்கும் சொந்தக்காரருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று தங்கையின் போனுக்கு ஒரு பகலுக்குள் நாற்பதுக்கு மேல் அழைப்பு. பற்றரி போய்விட்டது. பிறகு நான் எல்லாருக்கும் சொன்னேன், அவளோடு நான் மட்டும் கதைப்பேன், நீங்கள் என்னோடு கதையுங்கள் என்று. உள்ளூர் லைன் நெருக்கும்போது வெளியூரில் ஒருவரை மையமாக வைத்துத் தகவல் பரிமாறுவதுதான் அங்கத்தைய தீயணைப்பு ஆட்கள் சொல்கிற முறையும். போகும்போதே ஊரில் அந்த ஆளைத் தெரிந்துவையுங்கள், அதிகம் கதைக்காத ஒருவராகப் பாருங்கள். ஒரு மாமா, சமையலறை எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டு எனக்கு எடுத்தார். வைத்துவிட்டேன். இன்னொரு உறவினர் பிள்ளைகளின் படத்தைப் போட்டு, தங்கையைக் கேளாமலே இணையத்தில் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார். அதை நிறுத்துவதற்குப் பட்ட பாடு தனிக்கதை. ஒரே தேவைக்கு இரண்டு இடத்தில் காசு வந்தால் அரசாங்க உதவியைக் குறைக்கவும் கூடும், கேட்டுச் செய்யுங்கள்.

வீடு போனதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். சொன்னதும் அவ கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆர் கொளுத்தினது?"

ஒருத்தரும் இல்லை அம்மா, காத்து என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. நம்பினாவோ தெரியாது. பின்னேரம் வீடியோவில் தங்கை வந்தபோது எரிந்ததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சாப்பிட்டதா, பிள்ளைக்குச் செருப்பு இருக்கா, இரண்டே கேள்வி.

தங்கையின் மூத்தவள், எட்டு வயதுக்காரி, ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. "உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்று எல்லாரும் சொல்லச் சொல்ல அவள் இன்னும் இறுகினாள், அவளுக்குப் போனது ஒரு துணி முயல். அம்மாதான் தினமும் காலையில் வீடியோவில் அவளை இருத்தி, எரிந்த வீட்டின் அறைகளை வரையச் சொல்லிக் கேட்டா. தான் 83இல் விட்டுவந்த வீட்டையும் ஒரு கொப்பியில் வரைந்து காட்டினா. கிணறு எங்கே, தையல் மெசின் எங்கே என்று பிள்ளை கேட்கத் தொடங்கினாள். புதுப் பள்ளிக்கூடத்தின் ஆலோசகரும் பிறகு நன்றாகக் கவனித்தா, ஆனால் முதல் வாய் திறந்தது அந்தக் கொப்பிக்குத்தான்.

கனடாவின் கல்கரியிலிருந்து, நகரத்துக்குள் இருக்கிற எங்களுக்கும் இது தேவையா என்று கேட்ட தம்பிக்கு: நகரத்துக்குள் இருக்கிறோம் என்று விட்டுவிட வேண்டாம். 2016இல் உங்கள் மாகாணத்துப் போர்ட் மக்மரியில் ஒரு ஊரே, 88,000 பேர் அளவில், ஒரே தெருவழியாகக் கிளம்பியது. காரில் பெற்றோல் அரைவாசிக்குக் கீழே போகவிடாதீர்கள். உங்கள் ஊர் எரியாவிட்டாலும் புகை வரும், ஒரு அறைக்காவது காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள்.

வாட்சப்பில் சான்றிதழ் படம் அனுப்பப் போகிறவர்கள் பின்பக்கத்தையும் எடுங்கள். எங்கள் தங்கையுடையதில் பதிவாளரின் முத்திரை பின்பக்கத்தில்தான் இருந்தது. போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன் அதை எடுக்கவில்லை, அதற்காக ஒரு நாள் கூடுதலாக அலைந்தேன்.