தொட்டியில் காய்த்த கஸ்தூரி எலுமிச்சை (கலமன்சி என்ற சின்ன எலுமிச்சை): எப்படி வைத்துக்கொள்வது?

மலேசியாவின் ஈப்போவிலிருந்து: ஒரே மரத்தில் இந்த வாரம் 2 கிலோவுக்கு மேல் பறித்துவிட்டேன், சம்பல் பெலாச்சானுக்கு (மிளகாயும் இறால் பசையும் இடித்த துவையல்) பிழிந்தது போக மீதி கூடையிலேயே காம்புப் பக்கம் பூஞ்சை பிடிக்கிறது. ரசத்துக்கும் ஊற்றலாமா?

பதில் 1: கையால் இழுத்துப் பறிக்காதீர்கள், காம்போடு தோல் கிழிந்து அங்கிருந்துதான் அழுகும். கத்தரியால் வெட்டுங்கள். ஈரம் துடைத்து, குளிர்பெட்டியில் காய்கறித் தட்டில் வைத்தால் ரெண்டு வாரம் தாராளமாக நிற்கும்.

பதில் 2: சாறு பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வையுங்கள் அக்கா, அதுதான் சுலபம். நடுவில் வெட்டாமல் சற்று ஓரமாக வெட்டினால் விதை குறைவாக வரும், அப்புறம் வடிகட்டிவிடுங்கள், விதை நசுங்கினால் கசப்பு. ‘ஆசாம் போய்’ (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) போட்டுப் பானம் கலக்க ஒரு டம்ளருக்கு ரெண்டு சாற்றுக் கட்டி போதும்.

பதில் 3: ரசத்துக்குத் தாராளமாக ஊற்றலாம், ஆனால் அடுப்பை அணைத்த பிறகுதான். கொதித்தால் வாசனை போய்விடும். மிஞ்சினதை நாலாகக் கீறி, கல் உப்பு அடைத்து, கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைப்பேன். பச்சைத் தோல் பழுப்பாகி, அந்த ஆரஞ்சுச் சதை குழைந்ததும் கஞ்சிக்கு எடுப்பேன்.

ஈப்போவிலிருந்து: சரி, இன்றே ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டேன். ரொம்ப நன்றி.