புது வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே லீவு கேட்கலாமா?

பல்வலிக்காரன்:
அடுத்த மாதம் 1ஆம் தேதி புது வேலையில் சேர்கிறேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். 9ஆம் தேதி மதியம் எனக்கு ரூட் கெனால் இரண்டாவது சிட்டிங். 11ஆம் தேதி அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், கூட நான்தான் போக வேண்டும். இரண்டும் வேலை கிடைப்பதற்கு முன்பே வாங்கிய தேதிகள். நேர்காணலில் வாயே திறக்கவில்லை. இப்போதே சொல்லவா, சேர்ந்த பிறகு சொல்லவா, இல்லை இரண்டையும் தள்ளிப்போடவா?

கறார் பேர்வழி:
இரண்டையும் தள்ளிப்போடுங்கள். முதல் சில வாரம் உங்கள் வேலை யாருக்கும் தெரியாது. நாற்காலி காலியாக இருந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். என் அணியில் ஒருவர் சேர்ந்த பத்தாம் நாள் லீவு எடுத்தார். நல்ல வேலைக்காரர், ஆனாலும் கடைசிவரை ‘லீவு பார்ட்டி’ என்றே பேர்.

முன்னாள் எச்ஆர்:
அது உங்கள் அணியின் கோளாறு. பதினோரு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவள் சொல்கிறேன்: ஆஃபரில் கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் சேரவில்லை என்ற இந்த இடைவெளியில் சொல்லுங்கள். “ஏற்கெனவே வாங்கிய தேதி” என்றால் யாரும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை. அதையே 8ஆம் தேதி சாயங்காலம் போய்ச் சொன்னால் கதை வேறு. அதற்குள் பயிற்சி அட்டவணை போட்டு, உங்களோடு உட்கார ஒருவரையும் ஒதுக்கியிருப்பார்கள். போனில் பேசினாலும் மெயிலிலும் போட்டுவிடுங்கள்; ஆள் எடுத்தவரிடம் சொன்னது மேலாளர் காதுக்குப் போகாமலே போவதுண்டு. தகுதிகாண் காலத்தில் பல இடங்களில் லீவு கணக்கே தொடங்கியிருக்காது. சம்பளம் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள்.

கறார் பேர்வழி:
ஒப்பந்த வேலை என்றால்? அடுத்த ஆளைக் கூப்பிட அவர்களுக்கு ஒரு போன் போதும்.

முன்னாள் எச்ஆர்:
ஒப்பந்த வேலையில் ஆபத்து கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். இவருக்குத் தகுதிகாண் காலம் என்றல்லவா போட்டிருக்கிறார்?

பல் டாக்டரம்மா:
இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்கள். ரூட் கெனால் முதல் சிட்டிங்கில் வைத்து அனுப்புவது தற்காலிக அடைப்பு. அது சில வாரம் தாங்கும். நாளானால் ஓரத்தில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும், பல் உடையவும் கூடும். வலிதான் நின்றுவிட்டதே என்று இருந்துவிட்டு, கடைசியில் பல்லைப் பிடுங்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்புரை பெரும்பாலும் மெல்ல வளர்வது. சில வாரம் தள்ளலாமா என்று அம்மாவின் கண் டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

கறார் பேர்வழி:
ஆக, ஒன்றையாவது தள்ளலாம். நான் பாதி ஜெயித்தேன்.

ஷிப்ட் ராணி:
என் அம்மாவுக்குப் போன வருடம்தான் கண்புரை எடுத்தோம். ஆபரேஷன் அரை மணிக்குள் முடிந்தது, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை என்று காட்ட வேண்டியிருந்தது. சொட்டு மருந்து வேறு, நாளுக்கு நாலு வேளை. “ஒரே ஒரு நாள்” என்று கேட்டுவிட்டு நாலு தடவை போய் நின்றால்தான் பேர் கெடும். எல்லாத் தேதியையும் ஒன்றாகச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் மறுநாள் செக்கப்பை அவர்கள் தலையில் கட்டுங்கள். எனக்கு ஷிப்ட் வேலை. அட்டவணை வருமுன்பே ஆள் பிடித்து மாற்றிக்கொள்வேன். உங்களுக்கு அந்த வழி இல்லை, பாவம்.

சும்மா இரு:
எதற்கு இவ்வளவு பேச்சு? உடம்பு சரியில்லை என்று மெயில் தட்டிவிட்டுப் போங்கள்.

கறார் பேர்வழி:
இதில் நான் எச்ஆர் அம்மா பக்கம். 9ஆம் தேதி காய்ச்சல், 11ஆம் தேதி வயிற்றுவலி என்றால் சின்னப் பிள்ளைகூட நம்பாது.

பல்வலிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கண் டாக்டர் ஆறு வாரம் தள்ளலாம் என்றார், அம்மாவுக்கு வேறு தேதி வாங்கியாயிற்று. மறுநாள் செக்கப்புக்குத் தங்கை போகிறாள். பல் தேதியை மாற்றவில்லை. “9ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், காலையில் சீக்கிரம் வந்துவிடுகிறேன்” என்று மெயில் போட்டேன், அம்மாவின் தேதிகளையும் சேர்த்து. மேலாளரிடமிருந்து ஒரே வரி: “சரி, பார்த்துக்கொள்ளலாம்.”

கறார் பேர்வழி:
“சரி” என்றாரா? குறித்து வைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.