21 ஷாட் அடிச்சும் தோல்வி: மேட்ச் புள்ளிவிவரத்தை எப்படிப் படிக்கணும்? (ஃபுட்பால் மேனேஜர் 24)

கொளத்தூர்_புதுசு:

வணக்கம். ஒரு விஷயம் ரெண்டு வாரமா மண்டையைக் குடையுது, யாராவது கை கொடுங்க.

நான் கிரிக்கெட் பாத்தே வளந்த ஆளு. சராசரி, ஸ்டிரைக் ரேட், எகானமி எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஃபுட்பால்ல முழுசா உக்காந்து பாத்த முதல் மேட்ச் 2022 உலகக் கோப்பை ஃபைனல்தான். 80 நிமிஷம் பிரான்ஸ் எழுந்திரிக்கவே இல்ல, அப்புறம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள எம்பாப்பே ரெண்டு கோல். அது எப்படி நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கணும்ங்கற ஆசையிலதான் ஃபுட்பால் மேனேஜர் 24 ஆரம்பிச்சேன், ஒரு டீமுக்கு நாமளே மேனேஜரா இருக்கற கம்ப்யூட்டர் கேம். இங்கிலாந்து லீக் டூல (நாலாவது டிவிஷன்) ஒரு சின்ன டீம். சீசனுக்கு 46 மேட்ச், கத்துக்க நேரம் நிறைய கிடைக்கும்னு எடுத்தேன்.

ஒரு வீடியோல பாத்த 4-2-3-1 கெகன்பிரஸ்ஸை, அதாவது பந்தை இழந்ததும் உடனே துரத்திப் பிடிக்கற ஆட்டத்தை, அப்படியே போட்டிருக்கேன். மென்டாலிட்டி அட்டாக்கிங், டிஃபென்சிவ் லைன் (தடுப்பாட்டக்காரங்க நிக்கற வரிசை) ரொம்ப மேல, ரெண்டு பக்கமும் விங்பேக் (ஓரத்துல ஏறி ஆடற தடுப்பாட்டக்காரர்) அட்டாக் டியூட்டி. முதல் 4 மேட்ச்ல 3 வெற்றி. அதுக்கப்புறம் 8 மேட்ச்ல 6 தோல்வி.

நேத்து நடந்த மேட்ச்: எனக்கு 21 ஷாட், பொசெஷன் 62 சதவீதம், எக்ஸ்ஜி 1.05. அவங்களுக்கு 6 ஷாட், எக்ஸ்ஜி 1.80. ஸ்கோர் 0-2. ரெண்டு கோலும் 71, 84வது நிமிஷத்துல. 21 ஷாட்டுக்கு ஒரே ஒரு எக்ஸ்ஜியா? இது எப்படிங்க?

இன்னொண்ணு. 12 மேட்ச்ல நான் போட்ட 14 கோல்ல 9 கோல் கிராஸ்ல (ஓரத்துல இருந்து கோல் முன்னாடி தூக்கிப் போடற பந்து) வந்தது. அதனால இன்னும் அதிகமா கிராஸ் போடச் சொன்னேன். நிலைமை இன்னும் மோசமாச்சு. ஜனவரில ஒரு ஸ்டிரைக்கர் வேற வாங்கணும், யாரைன்னு தெரியல.

அம்பத்தூர்_ஷிஃப்ட்:

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. நல்ல டாக்டிக்ஸ் ஃபைல் நிறைய கிடைக்குது, ஒண்ணு டவுன்லோட் பண்ணிப் போடுங்க. நான் அப்படித்தான் ரெண்டு தடவை புரமோஷன் வாங்கினேன்.

பெரம்பூர்_கணக்கு:

அவர் ஏற்கெனவே அதைத்தானே செஞ்சிருக்காரு? வீடியோல பாத்ததை அப்படியே போட்டாரு, அதான் இந்த நிலைமை. அவர் கேக்கறது ஜெயிக்க வழி இல்ல, புரிஞ்சுக்க வழி. ஆரம்பத்துலயே இப்படிக் கேள்வி கேக்கறவரைத் திசை திருப்ப வேணாமே.

கொளத்தூர் ப்ரோ, கிரிக்கெட் தெரிஞ்சவருக்கு இது சுலபமா புரியும். எக்ஸ்ஜின்னா எக்ஸ்பெக்டட் கோல்ஸ், ஒவ்வொரு ஷாட்டும் கோலாகற வாய்ப்பை 0ல இருந்து 1க்குள்ள ஒரு எண்ணாப் போட்டு, எல்லாத்தையும் கூட்டறது. எவ்வளவு தூரம், என்ன கோணம், காலா தலையா, இதையெல்லாம் வெச்சுக் கணக்கு. பெனால்டிக்கு 0.76, 0.79ன்னு சொல்லுவாங்க, அதாவது நாலுல மூணு தடவை உள்ள போகும். பாக்ஸுக்கு வெளிய இருந்து அடிக்கற சாதாரண ஷாட் பெரும்பாலும் 0.05ஐக்கூடத் தாண்டாது.

இப்ப உங்க எண்ணை எடுங்க. 1.05ஐ 21ஆல வகுத்தா ஒரு ஷாட்டுக்கு 0.05. அவங்களோடது 1.80 வகுத்தல் 6, ஒரு ஷாட்டுக்கு 0.30. நீங்க 25 கஜத்துல இருந்து 21 தடவை கல்லு விட்டிருக்கீங்க. அவங்க ஆறே தடவைதான் வந்தாங்க, ஆனா கீப்பரை நேருக்கு நேர் பாத்துட்டு வந்தாங்க. 62 சதவீதம் பொசெஷன்ங்கறது 60 பந்து ஆடி 30 ரன் எடுத்த இன்னிங்ஸ் மாதிரி. கிரீஸ்ல நின்னதென்னவோ உண்மை, ரன் வரலயே.

மேட்ச் முடிஞ்சதும் ஷாட் மேப் ஒண்ணு வரும், திறந்து பாருங்க. மொத்த எண்ணை விட அந்தப் புள்ளிகள் எங்க எங்க விழுந்திருக்குன்னு பாக்கறதுதான் பாடம்.

கிராஸ் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்தத் தப்பு ஃபுட்பால் வரலாற்றிலேயே பெருசா நடந்திருக்கு. இங்கிலாந்துல சார்ல்ஸ் ரீப்னு ஒருத்தர், விமானப்படைல அக்கவுன்டன்ட். 1950 மார்ச்ல ஸ்விண்டன் டவுன் மேட்ச் ஒண்ணைப் பாத்துக்கிட்டே கையால குறிப்பு எடுக்க ஆரம்பிச்சாரு, பல வருஷம் விடவே இல்ல. அவர் கண்டது: சுமார் 80 சதவீதம் கோல் மூணு பாஸ் அல்லது அதுக்குக் குறைவான நகர்வுல வருது. அதனால நீளமா தூக்கி அடிங்கன்னாரு, பல டீம் அதை வேதமா எடுத்துக்கிச்சு. ஆனா அவரோட குறிப்புலயே இன்னொரு எண் இருந்துச்சு. மொத்த நகர்வுகள்லயே 90 சதவீதத்துக்கு மேல மூணு பாஸுக்குள்ள முடிஞ்சு போற நகர்வுதான். 90 சதவீதம் முயற்சி 80 சதவீதம் கோல்தான் கொடுக்குதுன்னா, குறைவாக் கொடுக்குதுன்னுதானே அர்த்தம்?

நீங்களும் அதே இடத்துலதான் நிக்கறீங்க. 9 கோல் கிராஸ்ல, சரி. ஒரு மேட்ச்சுக்கு எத்தனை கிராஸ்?

கொளத்தூர்_புதுசு:

இப்பத்தான் பாத்தேன். சராசரியா 30. மத்த 5 கோலும் பாக்ஸுக்குள்ள தரையோட வந்த பாஸ்ல. அப்படிப்பட்ட பாஸ் மேட்ச்சுக்கு நாலஞ்சுதான் வருது.

பெரம்பூர்_கணக்கு:

அப்ப 12 மேட்ச்ல 360 கிராஸ், 9 கோல். நாப்பதுக்கு ஒண்ணு. தரைப் பாஸ் கிட்டத்தட்ட 55, அதுல 5 கோல். பதினொண்ணுக்கு ஒண்ணு. 12 மேட்ச் சின்னக் கணக்குதான், இதை வெச்சு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கிராஸைக் கூட்டணும்னு இந்த எண் சொல்லவே இல்ல.

ஸ்டிரைக்கருக்கும் இதே வழி. மொத்தக் கோலைப் பாக்காதீங்க, பெனால்டியைக் கழிச்சுட்டு 90 நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. 2700 நிமிஷம் ஆடி 14 கோல், அதுல 5 பெனால்டின்னா 90க்கு 0.30தான். 1260 நிமிஷத்துல பெனால்டி இல்லாம 7 கோல் போட்ட பையன் 0.50. லிஸ்ட்ல மேல தெரியறது முதல் ஆளு, நான் முதல்ல ஸ்கவுட் அனுப்பறது ரெண்டாவது ஆளுக்கு.

கடைசி நேர கோல் பத்தி ஒரு கேள்வி. உங்க சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரங்க) ரெண்டு பேரோட பேஸ், ஆக்ஸிலரேஷன் என்ன? மிட்ஃபீல்டர்கள் ஸ்டாமினா?

கொளத்தூர்_புதுசு:

சென்டர் பேக் ஒருத்தர் பேஸ் 20க்கு 8, ஆக்ஸிலரேஷன் 7. இன்னொருத்தர் 9, 8. மிட்ஃபீல்ட்ல ஸ்டாமினா 11, 10. ஆனா எல்லா இடத்துலயும் பச்சை வட்டம்தான் காட்டுது, அதனால சரியா இருக்குன்னு நினைச்சேன்.

அந்த 84வது நிமிஷ கோலை ஏழெட்டு தடவை பாத்துட்டேன். என் லெஃப்ட் விங்பேக் அவங்க கார்னர் கொடிக்குப் பக்கத்துல கிராஸ் போடறாரு, டிஃபெண்டர் தலையால தட்டறாரு. பந்து நடுவுல அவங்க ஆளுகிட்ட போகுது. என் ரைட் விங்பேக்கும் மேலதான் நிக்கறாரு. ஒரே ஒரு பாஸ், என் ரெண்டு சென்டர் பேக் தலைக்கு மேல. ரெண்டு பேரும் திரும்பி ஓடறாங்க, ஆனா எதிர் டீம் ஆளு அதுக்குள்ள அவங்களைத் தாண்டி ரெண்டு அடி வெச்சுட்டாரு.

வியாசை_லெஃப்ட்பேக்:

தம்பி, நான் இந்த கேம் ஆடினதில்ல. ஆனா 14 வருஷம் லெஃப்ட் பேக் ஆடினேன், இப்ப வியாசர்பாடில சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். நீ எழுதின அந்த 84வது நிமிஷத்தைப் படிச்சதும் பதில் போடணும்னு தோணிச்சு. கண்ணால பாத்ததை அவ்வளவு தெளிவா எழுதியிருக்க. உன் கேள்விக்கு உண்டான பதில் அதுலயே முழுசா இருக்கு.

லெஃப்ட் பேக் மேல போனா ரைட் பேக் உள்ள சுருங்கி சென்டர் பேக் பக்கத்துல வந்து நிக்கணும். தராசு மாதிரி. ஒரு தட்டு ஏறினா இன்னொண்ணு இறங்கணும். நாங்க பசங்களுக்கு இதைக் கயிறு கட்டியே சொல்லித் தருவோம். ரெண்டு பேக் இடுப்புலயும் ஒரே நீளக் கயிறு, ஒருத்தன் ஓடும்போது இன்னொருத்தன் இழுபடணும். மூணு நாள் பண்ணினா அப்புறம் கயிறே தேவைப்படாது. உன் டீம்ல ரெண்டு தட்டும் மேல. நடுவுல காவலுக்கு யாரும் இல்ல. மெதுவா ஓடற ரெண்டு சென்டர் பேக், முதுகுக்குப் பின்னாடி அரை மைதானம் காலி.

2015ல நம்ம சென்னையின் எஃப்சிக்கு மெண்டோசா ஆடினது ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். அந்த சீசன்ல 13 கோல், கோல்டன் பூட். லைனுக்குப் பின்னாடி இடம் கிடைச்சா அந்தப் பையனைப் பிடிக்கவே முடியாது. அப்படி ஒருத்தர் எதிர் டீம்ல இருந்தா, உன் லைனை அவ்வளவு மேல வைக்கத் தைரியம் போதாது, கால் வேணும்.

பெரம்பூர்_கணக்கு:

அண்ணன் சொன்னதை அப்படியே கேமுக்குள்ள கொண்டு வரலாம். ஒரு பக்கம் மட்டும் விங்பேக் அட்டாக். மறுபக்கம் ஃபுல்பேக் டிஃபெண்ட் இல்லன்னா சப்போர்ட். ரெண்டு நடு மிட்ஃபீல்டர்ல ஒருத்தருக்கு டிஃபெண்ட் டியூட்டி. டிஃபென்சிவ் லைனை நடுவுக்கு இறக்குங்க. பச்சை வட்டம் அந்த ரோலுக்கு ஆள் பொருந்தறாரான்னுதான் சொல்லும், அந்த ரோல் உங்க திட்டத்துக்குப் பொருந்துதான்னு சொல்லாது.

71, 84வது நிமிஷம் தற்செயல் இல்ல. டாக்டிக்ஸ் பக்கத்துல இன்டென்சிட்டி பட்டை எங்க நிக்குதுன்னு பாருங்க, கடைசி வரைக்கும் ஏறியிருக்கும். ஸ்டாமினா 10 வெச்சுக்கிட்டு 90 நிமிஷம் துரத்தினா 70க்கு மேல கால் வராது, தலையும் வேலை செய்யாது. டிரிகர் பிரஸ்ஸை (எதிராளியை எவ்வளவு துரத்தணும்ங்கற அளவு) ஒரு படி குறைங்க. மென்டாலிட்டி பேலன்ஸ்டு இல்லன்னா பாசிட்டிவ். 'ஒர்க் பால் இன்டு பாக்ஸ்' போட்டா தூரத்து ஷாட் குறையும்.

ஒரு வேண்டுகோள். இதெல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல்ல பின்பக்கம், அதாவது பேக் ரெண்டு பேரும் லைனும். மூணு மேட்ச் கழிச்சு பிரஸ். அதுக்கப்புறம் முன்பக்கம். அப்பத்தான் எது எதனால மாறிச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அம்பத்தூர்_ஷிஃப்ட்:

இதைப் படிச்சுட்டு என் சேவ் ஃபைலையும் திறந்து பாத்தேன். என் டீம்லயும் ரெண்டு பேக்கும் அட்டாக்லதான் இருக்கு. எங்க சென்டர் பேக் பேஸ் 15, 16, அதனாலதான் தப்பிச்சிருக்கேன் போல. கொளத்தூர் ப்ரோ, டவுன்லோட் பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

வியாசை_லெஃப்ட்பேக்:

தம்பி, கேமுக்கு வெளிய ஒரு வேலை சொல்றேன். ஒரு நோட்டுல மைதானம் வரைஞ்சு குறுக்கால மூணாப் பிரி. எந்த மேட்ச் வேணா பாரு, டிவில இருந்தாலும் சரி. ஒரே ஒரு டீமை மட்டும் பாரு. அவங்க பந்தை எங்க இழக்கறாங்களோ அங்க ஒரு பெருக்கல் குறி. ஷாட் அடிச்ச இடத்துல ஒரு வட்டம். அவ்வளவுதான். ஹாஃப் டைம்ல அந்தத் தாளைப் பாரு. எங்க பெருக்கல் குறி குவியுதோ அங்க இருந்துதான் எதிர் டீம் வண்டி கிளம்பும்.

கொளத்தூர்_புதுசு:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சொன்ன வரிசையிலயே செஞ்சேன். முதல் மூணு மேட்ச் பின்பக்கம் மட்டும்: ஒரு வெற்றி, ரெண்டு டிரா. ஆனா மூணுலயும் தலைக்கு மேல வந்த பாஸ்ல ஒரு கோல்கூட இல்ல. அப்புறம் பிரஸ்ஸைக் குறைச்சு, தூரத்து ஷாட்டையும் நிறுத்தி மூணு மேட்ச்: ரெண்டு வெற்றி, ஒரு தோல்வி. இப்ப சராசரி 11 ஷாட்தான், எக்ஸ்ஜி 1.45. ஒரு ஷாட்டுக்கு 0.13. பொசெஷன் 51க்கு இறங்கிடுச்சு, முதல்ல பதறினேன், இப்ப பழகிடுச்சு.

அண்ணா, நோட்டு வேலையும் செஞ்சேன். கேம்லயே மேட்ச்சை முழுசா ஓட விட்டு என் டீமைக் குறிச்சேன். 27 பெருக்கல் குறில 13 ஒரே இடத்துல, நடு லைனுக்குக் கொஞ்சம் மேல இடது பக்கம். போய்ப் பாத்தா என் லெஃப்ட் விங்கர். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேருக்கு நடுவுல டிரிபிள் பண்ண, அதாவது பந்தைக் காலால உருட்டிக்கிட்டே புக, போறாரு. டிரிபிளிங் 9. அவருக்கு 'டிரிபிள் லெஸ்' கொடுத்தேன். ரேட்டிங் எண்ணைப் பாத்து இதை நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

தோத்த அந்த மேட்ச் 0-1. கார்னர்ல வாங்கினது. இதுக்கு என்ன செய்யணும்?

பெரம்பூர்_கணக்கு:

கார்னரைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. 2018 மார்ச்ல பெங்களூருல நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல்ல பெங்களூரு டீமோட சேத்ரி 9வது நிமிஷமே கோல் போட்டாரு. நம்ம சென்னையின் எஃப்சி 3-2ன்னு ஜெயிச்சுதுன்னா, அதுல ரெண்டு கோல் மெயில்சன் ஆல்வெஸ் கார்னர்ல தலையால முட்டினது.

உங்க டிஃபென்சிவ் கார்னர் பக்கத்துல கிட்டப் போஸ்ட், நடு, தூரப் போஸ்ட் மூணுலயும் யார் நிக்கறாங்கன்னு பாருங்க. உயரத்தை நம்ப வேணாம், 'ஜம்பிங் ரீச்' எண்ணைப் பாருங்க, எவ்வளவு மேல எட்டுவார்ங்கறது அதுலதான் இருக்கு. அதிகமா இருக்கற ரெண்டு பேரைக் கிட்டப் போஸ்ட்லயும் நடுவுலயும் வைங்க. கோல் எந்தப் போஸ்ட்டுல வந்துச்சு?

கொளத்தூர்_புதுசு:

கிட்டப் போஸ்ட். அங்க நின்னது அதே லெஃப்ட் விங்கர், ஜம்பிங் ரீச் 6. இப்பவே மாத்தறேன்.

வியாசை_லெஃப்ட்பேக்:

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு முல்லை நகர் மைதானத்துல எங்க பசங்க ஆடுவாங்க. கொளத்தூர்ல இருந்து பக்கம்தான். நோட்டோட வா தம்பி, எங்க லெஃப்ட் பேக் பையனை மட்டும் குறிச்சுக் கொடு. அவன்கிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறான், தாள்ல காட்டணும்.