லிக்விட் டிடர்ஜென்ட் தண்ணீராகிவிட்டது, அவசரம்

வாசல்கோலம்_ஈரோடு (காலை 6:52)
வணக்கம். துணி துவைக்கும் லிக்விட் 10 லிட்டர் கிட் வாங்கி வந்து வீட்டிலேயே கலக்கினேன். சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் மூடியைத் திறந்தால் வெறும் பச்சைத் தண்ணீர். கரண்டியில் எடுத்து ஊற்றினால் ரசம் மாதிரி ஓடுகிறது. எதைச் சேர்த்தால் கெட்டியாகும்? வெள்ளிக்கிழமை எங்கள் மகளிர் குழுவுக்கு 20 பாட்டில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கலக்கிப்பார் (7:05)
அக்கா, கிட்டில் என்னென்ன இருந்தது? எஸ்.எல்.இ.எஸ். என்னும் நுரைப் பசை மட்டுமா, ஆசிட் ஸ்லரி என்னும் அமிலக் குழம்பும் உண்டா? தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள்?

வாசல்கோலம்_ஈரோடு (7:11)
பாக்கெட்டில் பெயர் எதுவும் இல்லை. 1, 2, 3, 4 என்று நம்பர்தான் எழுதியிருக்கிறது. அந்த வரிசையில்தான் போட்டேன். ஒன்று வெள்ளைப் பசை, ஒன்று கறுப்பாகத் தேன் மாதிரி, மற்ற இரண்டும் தூள். கலரும் சென்ட்டும் தனியாகக் கொடுத்தார்கள்.

போர்வெல்_பாதிப்பு (7:20)
போர் தண்ணீரில் கலக்கினீர்களா? அதுதான் காரணம். எங்கள் தெருவில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு, 1,800. அந்தத் தண்ணீரில் எந்த லிக்விடும் நிற்காது. ஆர்.ஓ. தண்ணீரில் புதிதாகப் போடுங்கள், சரியாகிவிடும்.

லேப்_சீனியர் (7:34)
நம்பர் போட்ட பாக்கெட்டை வாங்கி, எது என்னவென்று கேட்காமல் வாளியில் கொட்டிவிட்டு, அப்புறம் வந்து உதவி கேட்பதே இங்கே வழக்கமாகிவிட்டது. கறுப்பாக இருந்தது ஆசிட் ஸ்லரி. அதன் வேதிப் பெயரையாவது தெரிந்துகொண்டு தொட வேண்டும். 12 வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, எவ்வளவு? பார்த்திருக்க மாட்டீர்கள்.

கலக்கிப்பார் (7:41)
ஐயா, அவர் அவசரத்தில் கேட்கிறார். அக்கா, இன்னும் இரண்டு விஷயம் வேண்டும். எந்தப் பாத்திரத்தில் கலக்கினீர்கள்? சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் ஏதாவது சேர்த்தீர்களா?

வாசல்கோலம்_ஈரோடு (8:15)
பிளாஸ்டிக் வாளிதான். போர் தண்ணீர்தான். ராத்திரி உப்பு போட்டேன். கடையில் விற்பது போலக் கெட்டியாக வரவில்லை என்றால் உப்பு சேர்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். போட்டதும் கொஞ்சம் இளகினது போலத் தெரிந்தது. பத்தவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன்.

கலக்கிப்பார் (8:17)
எவ்வளவு போட்டீர்கள்?

வாசல்கோலம்_ஈரோடு (8:30)
ஒரு கிலோ பாக்கெட்டில் ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கிறது.

ரசாயனக்கடை_தம்பி (8:58)
அக்கா, இனி ஒரு சிட்டிகை உப்புகூடப் போடாதீர்கள். நான் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வெள்ளைப் பசைதான் எஸ்.எல்.இ.எஸ். அது கரைந்த தண்ணீரில் உப்பு சேர்க்கச் சேர்க்கக் கெட்டியாகும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் அதே உப்பே அதை இளக்கிவிடும். மலை ஏறி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவது மாதிரி. நீங்கள் இறங்க ஆரம்பித்த பிறகும் ஏறுவதாக நினைத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கிட்டில் இருந்த தூளில் ஒன்றும் உப்பாகவே இருக்கும். அதையும் சேர்த்தால் 10 லிட்டரில் ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும்.

போர் தண்ணீர் என்று சொன்னவருக்கு: டி.டி.எஸ். 1,800 என்றால் லிட்டருக்கு 1.8 கிராம். 10 லிட்டருக்கு 18 கிராம்தான், அதுவும் முழுக்க உப்பு இல்லை. அக்கா போட்டது அதற்கு ஐம்பது மடங்கு. போர் தண்ணீரால் லிக்விட் கலங்கும், அடியில் வெள்ளையாகப் படியும், அழுக்கு எடுக்கும் சக்தியும் குறையும். ஆனால் இப்படித் தண்ணீராக ஓட வைப்பது உப்புதான்.

உறுதி செய்ய மூன்று டம்ளர் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் லிக்விட். முதலாவதில் அரை ஸ்பூன் உப்பு, இரண்டாவதில் கொஞ்சம் வெறும் தண்ணீர். மூன்றாவதில் உப்பில்லாமல் கரைத்த எஸ்.எல்.இ.எஸ். தண்ணீரை லிக்விடைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள். மெதுவாகக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். முதலாவது இன்னும் இளகி, மூன்றாவது கெட்டியானால் சந்தேகமே வேண்டாம்.

போர்வெல்_பாதிப்பு (9:10)
கணக்கு சரிதான். இருந்தாலும் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி நிற்கும். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன்.

பூந்திக்கொட்டை (9:26)
இந்த ஆசிட், காஸ்டிக் சோடா எல்லாம் எதற்கு? பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். எங்கள் பாட்டி பட்டுப் புடவையை அதில்தான் அலசினார். முப்பது வருடப் புடவை இன்றும் சாயம் போகாமல் இருக்கிறது. ஆற்றுக்கும் கேடு இல்லை.

லேப்_சீனியர் (9:40)
பட்டுக்கு அது சரி. கிரீஸ் படிந்த சட்டைக்கு ஆகாது. வடிகட்டிய தண்ணீர் மூன்றாம் நாளே புளித்து நாறும். 20 பாட்டில் விற்கிறவரிடம் சொல்கிற யோசனையா இது? சோடியம் பென்சோயேட் போட்டால் கெடாமல் நிற்கும் என்று அடுத்து யாராவது வருவார்கள். அது புளிப்பான கரைசலில்தான் வேலை செய்யும், டிடர்ஜென்ட்டின் பி.எச்.சில் செய்யாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பூந்திக்கொட்டை (9:52)
நாறினால் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாமே. நுரை நுரையாக ஆற்றில் விடுவதைவிட அது மேல்.

நொய்யல்கரை (10:18)
ஆறு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் திருப்பூர்க்காரன், அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நொய்யலைக் கெடுத்ததில் சாயத்தின் நிறம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நிலத்தைக் கெடுத்தது உப்பு. சாயம் துணியில் ஏற மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள், அது அப்படியே ஆற்றோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் வருமானம் இல்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பு தப்பு என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆசிட் ஸ்லரியின் நுரையை மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உப்பை எதுவும் தின்னாது. லிக்விட் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உப்பைக் கொட்டுவது எனக்கு மனது கேட்கவில்லை. கெட்டியாக இருந்தால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்பதும் உண்மையில்லை. அழுக்கை எடுப்பது பசையும் ஸ்லரியும்தான்.

பூந்திக்கொட்டை (10:31)
அப்படியானால் நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

நொய்யல்கரை (10:37)
இல்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் குட்டையில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கிற வழக்கம் உண்டு. கொட்டையில் இருந்து வந்தது என்பதாலேயே ஆற்றுக்கு நல்லது ஆகிவிடாது. பட்டுக்கு அதை நானும் பயன்படுத்துகிறேன்.

ரசாயனக்கடை_தம்பி (11:05)
அக்காவின் 20 பாட்டிலை மறந்துவிட வேண்டாம்.

அக்கா, இருக்கிற லிக்விடைக் கீழே கொட்டாதீர்கள், உப்புத் தண்ணீருக்குப் பதிலாக அதையே பயன்படுத்தலாம். எஸ்.எல்.இ.எஸ். 70 சதவீதப் பசை ஒரு கிலோவை 6 லிட்டர் தண்ணீரில் உப்பே இல்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், போர்வெல் அண்ணன் சொன்னது அந்த அளவில் சரி. பசை கட்டி கட்டியாகக் குச்சியில் ஒட்டிக்கொண்டு இழுத்தால் இழுபடும். பயந்துபோய் வேகமாக அடிக்காதீர்கள், நுரைதான் வரும். மூடி வைத்துவிட்டால் ராத்திரிக்குள் தானாகக் கரைந்துவிடும். காலையில் பழைய பச்சைத் தண்ணீரை ஒரு டம்ளர், ஒரு டம்ளராக அதில் ஊற்றிக் கலக்குங்கள். வேண்டிய பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த டம்ளர் கூடுதலாகக் கெட்டியாக்கும் என்று ஆசைப்படாதீர்கள். மீதமாகும் பச்சைத் தண்ணீரை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்டைக் கடைசியில் போட்டுப் பதம் பாருங்கள். சில சென்ட்டும் இளக்கும்.

லேப்_சீனியர் (11:22)
தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். 2, 3 நம்பரில் ஸ்லரியின் அமிலத்தை முறிக்கும் காஸ்டிக் எது, எவ்வளவு எடை? அரைக் கிலோ ஸ்லரிக்குக் காஸ்டிக் 60 கிராமுக்குக் குறையாது. ஸ்லரியில் மிச்சமிருக்கும் கந்தக அமிலத்துக்கு மேலும் கொஞ்சம் தேவைப்படும். சரக்குக்குச் சரக்கு மாறும் என்பதால் எடையை நம்பாமல் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் நிற்க வேண்டும். புளிப்பாக இருந்தால் எஸ்.எல்.இ.எஸ். நாளாக நாளாக உடைந்து திரும்பவும் தண்ணீராகும். அதைவிட, கையால் துவைக்கிற பெண்களின் விரல் தோல் உரியும். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கலக்கிப்பார் (11:30)
பாத்திரம் கேட்டதும் இதற்காகத்தான். காஸ்டிக் கலந்ததை அலுமினிய அண்டாவில் வைத்தால் அண்டாவையே அரித்துவிடும். பிளாஸ்டிக் என்றதும் நிம்மதி. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழுவில் யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாசல்கோலம்_ஈரோடு (வியாழன், இரவு 9:40)
மூன்றாவது டம்ளர் கெட்டியானது. இரண்டு கிலோ பசை வாங்கி வந்து கரைத்துவிட்டேன். இப்போது 14 பாட்டில் நிரப்பியாகிவிட்டது, மீதி காலையில். தம்பிக்கு ரொம்ப நன்றி. எல்லோருக்கும் நன்றி.

லேப்_சீனியர் (இரவு 9:44)
பி.எச். பார்த்தீர்களா?

லேப்_சீனியர் (வெள்ளி, காலை 6:10)
பாட்டிலைக் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள் அம்மா. தாள் மருந்துக் கடையிலோ, பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடையிலோ கிடைக்கும்.